பதிவு செய்த இளையர் நிகழ்ச்சிக்கு வராதது குறித்து

உங்கள் சமூக மன்றச் சிறுகதை வாசிப்புக்கு 70 பேர் பதிவு செய்தும் 22 பேரே வந்தார்கள், அவர்களில் இளையர் இருவர்தாம் என்றால், கூடுதல் சுவரொட்டிகள் அதைச் சரிசெய்யா. அடுத்த முறை ஏப்ரல் மாதத்தைத் தவிர்த்து, இளையர் நால்வரையே மேடையில் வாசிக்க வையுங்கள்.

சிங்கப்பூரில் ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடைபெறுவதால், ஒரே சனிக்கிழமை மாலையில் பல அமைப்புகள் அதே பார்வையாளர்களை அழைக்கின்றன. இலவசப் பதிவு என்பதால், வராமல் இருப்பதில் எவருக்கும் இழப்பில்லை. செப்டம்பரும் அக்டோபரும் தேர்வுக் காலம், ஜூலை பொருந்தும்.

மேடையைப் பகிர்வது புதிய உத்தியன்று. 1935இல் தமிழ் முரசு செய்தித்தாளைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1950களில் அதில் மாணவர் மணிமன்றம் என்ற மாணவர் பகுதிக்கு இடம் ஒதுக்கி, மாணவர்களின் எழுத்துகளை வெளியிட்டார். வாசகர்களாக இருந்த பிள்ளைகளிலிருந்து எழுத்தாளர்கள் உருவாயினர். தம் பெயர் அச்சில் வந்த பக்கத்தை வீட்டில் காட்டாமல் மடித்து வைக்கும் மாணவரை நான் கண்டதில்லை.

மாற்றத்திற்கு முன் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். பதிந்துவிட்டு வராத பத்துப் பேரிடம், மறந்துவிட்டார்களா, வேறு நிகழ்ச்சிக்குச் சென்றார்களா என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். பெரும்பாலோர் மறந்ததாகச் சொன்னால், முதல் நாள் நினைவூட்டலே போதும். அப்படியானால், மற்ற நிகழ்ச்சிகளே காரணம் என்ற என் ஊகம் தவறு.

ஓர் எச்சரிக்கை: வாசிக்கும் பிள்ளை மேடையிலிருந்து இறங்கியதும் பெற்றோரும் பாட்டியும் கிளம்பிவிடக்கூடும். ஆகவே நால்வரையும் தொடக்கத்திலேயே முடித்துவிடாமல், மூத்த எழுத்தாளர்களுக்கு இடையிடையே அமையுங்கள்.