பார்வையற்ற, செவிப்புலனற்ற மாணவர்களுக்கு பாட்காஸ்ட் கற்பிக்க என்ன கருவி வாங்கலாம்?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் தொடங்கும் வகுப்பில் பார்வையற்றவர் இருவரும் செவிப்புலனற்றவர் ஒருவரும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். கருவிக்குக் காசு ஒதுக்குமுன் பாடக் குறிப்பைத் திறந்து பாருங்கள். யுனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததென்றால் ‘அம்மா’ என்ற சொல் கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரையிலுள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் அதைத்தான் உளறும். யுனிகோடுக்கு மாற்றுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம், அதுவும் உதவாது.

மென்பொருளுக்குச் செலவே இல்லை: திரைவாசிப்பான் என்விடிஏ, ஒலியைப் பதிந்து தொகுக்கும் ஆடாசிட்டி இரண்டும் இலவசம். “இந்த இடத்தைக் கிளிக் பண்ணுங்க” என்று கற்பிப்பதுதான் தவறு. விசையைச் சொல்லுங்கள். ஆடாசிட்டியில் ஆர் அழுத்தினால் பதிவு, ஸ்பேஸ் அழுத்தினால் நிற்கும். வெட்ட வேண்டிய பகுதி ஓடும்போதே அதன் தொடக்கத்தில் இடது சதுர அடைப்புக்குறி, முடிவில் வலது; ஸ்பேஸால் நிறுத்தி, சி அழுத்தினால் வெட்டியபின் எப்படி ஒட்டும் என்று கேட்கலாம். திருப்தி என்றால் டிலீட். கண்ணால் அலைவடிவம் பார்த்து வெட்டுபவர்கள்கூட இப்படிக் காதால் வெட்டப் பழகுவது நல்லது.

ஒலிவாங்கித் தூரம் ஒரு சாண்: கட்டைவிரல் நாடியில், சுண்டுவிரல் ஒலிவாங்கியில். ஹெட்போன் கட்டாயம், ஸ்பீக்கரில் விட்டால் என்விடிஏயின் குரலும் பதிவாகிவிடும். ஃபேனை நிறுத்தித்தான் பதிய வேண்டும். நம்மூர் வெக்கையில் ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை இடைவெளி விடுங்கள்.

செவிப்புலனற்ற மாணவரை ‘எழுத்து வேலை’க்கு மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். கேட்கும் தோழர் ஒருவர் ஒவ்வொரு வாக்கியம் தொடங்கும்போதும் கண்ட்ரோல் எம் அழுத்தி முதற்சொல்லை லேபிளாக அடித்தால், எந்த வாக்கியம் எங்கே என்று அலைவடிவத்தின் கீழே தெரியும். செவிப்புலனற்ற மாணவரே வெட்டித் தொகுக்கலாம். அளவுமானியில் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபல் வரை நிற்கிறதா என்பதையும் அவர் கவனிக்கலாம். ஒலித்தரத்தைக் காதால் மதிப்பிடச் சொல்லிப் புள்ளி போடுவது அவருக்கு அநியாயம்.

எழுத்துவடிவம் இல்லாத அத்தியாயத்தை முடிந்ததாகக் கணக்கிடாதீர்கள். குரல்வழித் தட்டச்சு முதல் வரைவைத் தரும். ‘மறுகா’, ‘கிறுகி’ போன்ற மட்டக்களப்புப் பேச்சுச் சொற்களை அது பிழையாக எழுத வாய்ப்பு அதிகம். ஒருவர் கேட்டுத் திருத்தியே ஆக வேண்டும்.

கையசைவு சிரமமானவர்களுக்கு ஷிஃப்டை ஐந்து தடவை தட்டி ஸ்டிக்கி கீஸை இயக்குங்கள். விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தினால் போதும்.

மோனோவில் மைனஸ் 19 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு) அளவுக்குச் சமப்படுத்தி, 64 கேபிபிஎஸ் எம்பி3யாக எடுங்கள். 20 நிமிடம் 10 எம்பிக்குள் அடங்கும். டேட்டா குறைவானவரும் இறக்கிக் கேட்கலாம்.