புல் தெரிந்தும் கோல் இல்லையா?

நண்பரே, கால்பந்து ஆட்டத்தில் பந்துக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே பச்சைப் புல் தெளிவாகத் தெரிந்தும் நடுவரின் கைக்கடிகாரத்தில் 'கோல்' வரவில்லையே, பந்து கோட்டைத் தாண்டியதா என்று கேமராக்களால் கண்டு சொல்லும் கருவி பழுதா என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் புல்லை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

விதிப்படி முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்ட வேண்டும். பந்தின் குறுக்களவு சுமார் 22 செ.மீ. ஆனால் அது தரையைத் தொடுவது அடியில் ஒரு சின்ன இடத்தில்தான். அந்த இடம் கோட்டைத் தாண்டி 10 செ.மீ. உள்ளே போயிருந்தாலும், பந்தின் வயிறு கோட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். தரையில் ஒரு கோடு போட்டு, பந்தை வைத்து, நேர் மேலிருந்து பாருங்கள். உடனே புரிந்துவிடும்.

2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிரான ஜப்பானின் இரண்டாவது கோலிலும் இதே சண்டைதான். பக்கவாட்டுப் படத்தில், கோல் விழுவதற்கு முன்பே பந்து கோட்டைத் தாண்டி களத்துக்கு வெளியே போனது போலிருந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் அதன் விளிம்பு கோட்டின் மேல் இருந்தது. வி.ஏ.ஆர். (காணொளியைப் பார்த்து உதவும் நடுவர்) பார்த்த பிறகு கோல் நின்றது.

சரி, கருவி தவறவே தவறாதா? தவறியிருக்கிறது. 2020 ஜூனில் ஆஸ்டன் வில்லா - ஷெஃபீல்ட் யுனைடெட் ஆட்டத்தில் கோல்கீப்பர் பந்தோடு கோட்டுக்குள் போயும் சைகை வரவில்லை. ஆட்களும் கம்பமும் ஏழு கேமராக்களையும் மறைத்துவிட்டன. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது, வி.ஏ.ஆராவது தலையிட்டிருக்கலாம்.

நீங்கள் பார்த்தது கோட்டுக்கு நேரே இருந்த கேமராவின் படமா, சாய்வாக எடுத்ததா? அதைச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.