பின் கதவை விடுங்கள், முன் பூட்டு எங்கே?

கேள்வி: வணக்கம் வக்கீல் ஐயா. நாங்கள் சுங்கை ஆராவில் ஜாகா (காவலர்) போட்ட ஒரு தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறோம். என் கணவர் மலேசிய சூப்பர் லீக் காற்பந்து வீரர். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு அவருக்கு ஜொகூரில் ஆட்டம். நானும் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் மாடியில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். துணி எடுக்கப் பின்பக்கம் போன மாமி கதவைப் பூட்ட மறந்துவிட்டார். அந்த வழியாகத் திருடர்கள் புகுந்திருக்கிறார்கள். கீழே படுக்கையறை அலமாரியில் இருந்த 140,000 வெள்ளி (ரிங்கிட்) பெறும் நகை, கணவரின் 38,000 வெள்ளி கடிகாரம், 12,000 வெள்ளி ரொக்கம், அவர் சுக்மா என்ற மலேசிய விளையாட்டுப் போட்டிகளில் வாங்கிய பதக்கங்கள் எல்லாம் போய்விட்டன. வைஃபை கேமராவில் அந்த நேரத்துக்கு மட்டும் எதுவுமே பதியவில்லை. ஜாகா தூங்கிக்கொண்டிருந்தார். ரசிகர் பக்கம் ஒன்றில் எங்கள் வீட்டுப் படம் முன்பே வந்திருந்தது. காப்புறுதி நிறுவனம் பணம் தர முடியாது என்று கடிதம் அனுப்பிவிட்டது. பாதுகாவல் நிறுவனம் 8,000 வெள்ளி தருகிறேன் என்று எங்களை அவமானப்படுத்துகிறது. பின் கிரில்லை வெட்டிப் படம் எடுத்து இன்னொரு போலீஸ் புகார் கொடுக்கலாம் என்கிறார் கொழுந்தனார். யார் மேல் வழக்குப் போடுவது?

பதில்: அம்மா, உங்கள் முழுக் கடிதம் ஏழு பக்கம். ஜாகா தூங்கியது இரண்டு பக்கம், குடியிருப்போர் சங்கத் தலைவர் பேசிய தோரணை ஒரு பக்கம், போலீஸ்காரர் போன் எடுக்காதது அரைப் பக்கம். பிள்ளைகளோடு மாடியில் இருக்கும்போது கீழே அந்நியர் நடமாடியிருக்கிறார் என்றால் அந்த நடுக்கம் எளிதில் போகாது, எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் வழக்குக்கு வேண்டியது ஒரே ஒரு வரிதான். அதை ஐந்தாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "ஏதோ உடைகிற சத்தம் கேட்டு இறங்கினேன். முன் கிரில் பூட்டு உடைந்து கிடந்தது. மாமி அதைக் கூட்டி எடுத்துப் போட்டுவிட்டார்."

அந்தப் பூட்டு எங்கே?

காப்புறுதி நிறுவனத்தின் கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். கதவு பூட்டாமல் இருந்தது, திருடர் தள்ளித் திறந்து வந்தார், ஆகவே பலவந்தமாக உடைத்து நுழையவில்லை, ஆகவே பணம் இல்லை. அவ்வளவுதான் அவர்கள் சொல்லும் காரணம். நம் நாட்டு வீட்டுப் பொருள் பாலிசிகளில் திருட்டுக்கு வழக்கமாக இருக்கும் வாசகம் இது: கட்டடத்தைப் பலவந்தமாகவும் வன்முறையாகவும் உடைத்து உள்ளே நுழைந்தோ, உடைத்து வெளியேறியோ நடந்த திருட்டு. வெளியேறியோ என்ற சொல்லை அவர்கள் கடிதம் தொடவே இல்லை. உங்கள் திருடர்கள் பின்னால் சும்மா நுழைந்திருக்கலாம். ஆனால் உள்ளே இருந்தபடி முன் கிரில் பூட்டை உடைத்துத்தான் வெளியே ஓடியிருக்கிறார்கள். உங்கள் பாலிசியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், மாமி மறந்த பின் கதவு உங்களுக்குப் பெரிய பாதகம் இல்லை. அவரை இனி யாரும் குறை சொல்லவும் வேண்டாம்.

இதை உங்கள் கொழுந்தனார் ஒரே நாளில் கெடுக்கப் பார்க்கிறார். நான் அதிகம் பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

சில வருடங்களுக்கு முன் பட்டர்வொர்த்தில் இருந்து ஒருவர் என்னிடம் வந்தார். அவர் வீட்டில் திருட்டு நடந்தது உண்மை. நகை போனதும் உண்மை. சன்னலைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார். காப்புறுதி கிடைக்காது என்று யாரோ சொல்ல, மூன்றாம் நாள் கிரைண்டர் வாங்கி வந்து சன்னல் கம்பியில் இரண்டை வெட்டினார். இழப்பை மதிப்பிட நிறுவனம் அனுப்பிய அட்ஜஸ்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். வெட்டின முனையை விரலால் தடவிப் பார்த்தார். திருட்டு நடந்த மறுநாள் முழுக்க மழை பெய்திருக்கிறது, ஆனால் முனையில் துரு இல்லை. பிறகு குனிந்து ஒரு வெள்ளைத் தாளைச் சன்னலுக்குக் கீழே, வீட்டுக்குள், தரையில் வைத்துத் துடைத்தார். இரும்புத் தூள் தாளில் ஒட்டிக்கொண்டு வந்தது. வெளியே இருந்து வெட்டியவனின் தூள் உள்ளே எப்படி இவ்வளவு விழும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். என் கட்சிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

உண்மையாகப் போன நகைக்கும் அவருக்கு ஒரு காசு வரவில்லை. பொய் கலந்த கோரிக்கை என்றால் முழுக் கோரிக்கையும் போகும். அதற்கு மேல் நிறுவனமே அவர் மேல் போலீஸ் புகார் கொடுத்தது. பொய்த் தகவல் கொடுத்து அரசாங்க ஊழியரை ஏமாற்றுவது குற்றவியல் சட்டத்தின் 182ஆவது பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் பெற ஏமாற்றுவது 420ஆவது பிரிவு: குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் பத்தாண்டு சிறை, பிரம்படி, அபராதம். பணம் கைக்கு வராவிட்டாலும் முயற்சியே குற்றம்தான்.

இன்னொன்றைக் கொழுந்தனார் யோசிக்கவில்லை. பாலிசி உங்கள் கணவர் பெயரில் இருக்கிறது. கோரிக்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அன்று இரவு ஜொகூர் திடலில் ஓடிக்கொண்டிருந்த மனிதர், தான் பார்க்காத ஒரு பொய்க்குத் தன் பெயரைக் கொடுப்பார். ஆட்டக்காரர் ஒப்பந்தங்கள் பலவற்றை நான் படித்திருக்கிறேன். கிளப்புக்குக் கெட்ட பெயர் வந்தால் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்ற விதி அவற்றில் அடிக்கடி வரும். வெட்டுப்பட்ட கிரில் ஒன்றுக்காக அவருடைய பிழைப்பையே பணயம் வைக்கிறீர்கள். அந்தக் கிரைண்டரை வீட்டுக்குள் வர விடாதீர்கள்.

இரண்டாவது புகார் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்லி. முதல் புகாரின் நகலைப் பார்த்தேன். மலாயில் எட்டு வரி, அதில் பின் கதவு பூட்டவில்லை என்பது இருக்கிறது, முன் பூட்டு இல்லை. நடுராத்திரியில், அழுதபடி, கான்ஸ்டபிள் தட்டச்சு செய்ததைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். கூடுதல் புகாரில் மூன்று விஷயம் போதும்: சத்தம் கேட்டது, பூட்டை உடைந்த நிலையில் கண்டது, முதல் புகாரில் ஏன் விட்டுப்போனது. புதிதாக ஒரு கம்மல்கூடச் சேர்க்காதீர்கள். அந்த வாரமே பூட்டு மாற்றியிருப்பீர்கள் அல்லவா, அந்த ரசீது வேண்டும். சம்பவத்தன்று இரவு குடும்ப வாட்ஸ்அப்பில் யாராவது வாசலைப் படம் எடுத்துப் போட்டிருந்தால் அது நகையை விட மதிப்புள்ளது. அப்புறம் பூட்டு. மாமி குப்பைக்கூடையில் போட்டாரா, ஸ்டோர் ரூம் டப்பாவில் போட்டாரா? பழைய ஆணி, கம்பி எதையும் தூக்கிப் போடாத தலைமுறை அவர். நன்றாகத் தேடுங்கள்.

சரி, பணம். உங்கள் மனதில் இருப்பது 190,000. அதை இப்போதே மறந்துவிடுங்கள். வீட்டுப் பொருளுக்கு நீங்கள் போட்ட காப்புறுதித் தொகை 150,000. தனியாகக் குறிப்பிட்டுப் பட்டியல் கொடுக்காவிட்டால், பொன், வெள்ளிப் பொருள், நகை எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிடையாது. அது 50,000. எந்த ஒரு பொருளுக்கும் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கிடையாது. அது 7,500. உங்கள் கல்யாண ஆரம் 30,000 என்றாலும் கணக்கில் 7,500தான், கடிகாரமும் அப்படியே. ரொக்கமும் பதக்கங்களும் குறிப்பிட்டுச் சேர்க்காவிட்டால் வழக்கமான பாலிசியில் வராது. ஆக, எல்லாம் உங்கள் பக்கம் அமைந்தாலும் நகைக்கு 50,000, கடிகாரத்துக்கு 7,500 சேர்த்து 57,500 வெள்ளிதான் உச்சம். சுக்மா பதக்கத்துக்கு விலை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பாலிசியைப் பொறுத்தவரை அதற்கு இழப்பீடும் இல்லை. எனக்கும் வருத்தம்தான்.

இந்தத் தொகைக்கு நீதிமன்றம் போக வேண்டாம். பூட்டு, ரசீது, கூடுதல் புகார் மூன்றையும் வைத்து நிறுவனத்துக்கு மறுபரிசீலனைக் கடிதம் எழுதுங்கள். மறுத்தால் எஃப்.எம்.ஓ.எஸ் எனப்படும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பு இருக்கிறது, 2025 ஜனவரியில் ஓ.எஃப்.எஸ் என்ற பழைய குறைதீர்ப்பு அமைப்பின் இடத்துக்கு வந்தது. 250,000 வெள்ளி வரையான கோரிக்கையை விசாரிக்கும். இறுதி மறுப்புக் கடிதம் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். உங்கள் கையில் இருக்கும் கடிதமே இறுதி முடிவு என்று வைத்துக்கொண்டு நாளை எண்ணுங்கள். நடுவில் அவர்கள் 40,000 என்று இறங்கி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அன்றே வாங்கிவிடுவேன்.

பாதுகாவல் நிறுவனத்தின் 8,000 அவமானம் என்கிறீர்கள். எனக்கு அது நல்ல தொகையாகத் தெரிகிறது. அவர்கள் ஒப்பந்தம் போட்டது குடியிருப்போர் சங்கத்தோடு, உங்களோடு அல்ல. தாமான் சாலை பொதுச் சாலை. இப்படிப்பட்ட தடுப்புக் கம்பத்தையும் காவல் சாவடியையும் 2015இல் பெடரல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது உண்மைதான், ஆனால் அதனால் ஜாகாவுக்குப் போலீஸ் அதிகாரம் வந்துவிடவில்லை. அவர் விழித்திருந்தால் திருட்டு நடந்திருக்காது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். கஷ்டம்.

ஆனால் அந்த 8,000க்கு இன்று கையெழுத்துப் போடாதீர்கள்! இதில் நல்லவர்கள் பலர் விழுந்திருக்கிறார்கள். பாதுகாவல் நிறுவனம் தரும் தாளில், எங்கள் மேல் இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று ஒரு வரி இருக்கும். உங்களுக்குப் பணம் கொடுத்த பிறகு, உங்கள் இடத்தில் நின்று பாதுகாவல் நிறுவனத்திடம் வசூலிக்கும் உரிமை காப்புறுதி நிறுவனத்துக்கு உண்டு. அந்த உரிமையை நீங்கள் 8,000க்கு விற்றுவிட்டால், அதையே காரணம் காட்டி உங்கள் 57,500ஐ மறுப்பார்கள். முதலில் தாளைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பிறகு பணத்தை வாங்குங்கள்.

ஜாகாவின் முகத்தைப் போட்டு "திருடனுக்குக் கூட்டாளி" என்று ஃபேஸ்புக்கில் எழுதியிருக்கிறீர்கள். தூக்கம் வேறு, கூட்டு வேறு. இன்றே எடுத்துவிடுங்கள். ரசிகர் பக்கத்துக்கு வழக்கு வேண்டாம், வீட்டுப் படத்தை நீக்கச் சொல்லி மரியாதையாக ஒரு கடிதம் போதும்.

கடைசியாக, நீங்கள் ஒரே வரியில் கேட்டது: அடுத்த வெளியூர் ஆட்டத்துக்கு என்ன செய்வது? உங்கள் வீட்டில் நடந்தது உலகம் முழுக்க நடக்கிறது. 2024 அக்டோபரில் பென் ஸ்டோக்ஸ் பாகிஸ்தானில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தபோது இங்கிலாந்தில் அவர் வீட்டில் திருடர்கள் புகுந்தார்கள், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். அரசு கொடுத்த பதக்கமும் போனது. 2023 டிசம்பரில் இங்கிலாந்துக் காற்பந்து வீரர் ஜாக் கிரீலிஷ் வீட்டிலும் இப்படித்தான், ஆட்டம் நடந்துகொண்டிருக்க, குடும்பம் வீட்டில் இருக்க. அமெரிக்காவில் மஹோம்ஸ், கெல்சி, பரோ போன்ற அமெரிக்கக் காற்பந்து வீரர்களின் வீடுகளில் திருடியதாக 2025 பிப்ரவரியில் ஏழு சிலி நாட்டவர் மேல் ஃபுளோரிடாவில் வழக்குப் பதிவானது. வைஃபையை முடக்கும் கருவியை இப்படிப்பட்ட கும்பல்கள் பயன்படுத்துவதாக அமெரிக்கப் போலீஸ் எச்சரித்திருக்கிறது. உங்கள் கேமரா ஏன் அந்த நேரம் மட்டும் வெறுமையாக இருந்தது என்பதைப் புலனாய்வு அதிகாரியிடம் சொல்லுங்கள், வயர் இழுத்த கேமராவுக்கு மாறுங்கள். இங்கேயும் 2024 மே மாதம் காற்பந்து வீரர் அக்யார் ரஷீட் தன் வீட்டு வாசலிலேயே கொள்ளையரிடம் அடிபட்டார். வீரர் வீட்டில் இல்லாத நேரத்தை ஆட்ட அட்டவணையே ஊருக்குச் சொல்கிறது. அதை மறைக்க முடியாது.

ஆகவே அந்த இரவுகளில் வீட்டில் எடுக்க ஒன்றும் இருக்கக் கூடாது. நகையை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். அடுத்த பாலிசியில் ஒவ்வொரு நகையையும் கடிகாரத்தையும் படம், ரசீது, எடையோடு தனிப் பட்டியலாகச் சேருங்கள், பதக்கங்களையும். கணவரின் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வரும்போது, வெளியூர் ஆட்ட இரவுகளில் வீட்டுக்கு ஒரு காவலர், கிளப் செலவில், என்று ஒரு விதி கேளுங்கள். நான் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், கொடுக்கிறார்கள். கொழுந்தனார் தலைமாட்டில் வைத்திருக்கும் பாராங் கத்தியை எடுத்துவிடச் சொல்லுங்கள். உயிரைக் காக்கத் தற்காப்பு உரிமை உண்டு. ஓடுகிற திருடனைத் துரத்தி வெட்ட உரிமை இல்லை. சத்தம் கேட்டால் யாரும் கீழே இறங்க வேண்டாம். பிள்ளைகளோடு ஓர் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு 999க்கு அடியுங்கள். அன்று நீங்கள் தனியாக இறங்கியதைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது.

இரண்டு வாரத்தில் மறுபடி ஆட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் வயர் கேமரா வராவிட்டால் அன்று இரவு எல்லோரும் புக்கிட் மெர்தாஜாமில் உங்கள் அம்மா வீட்டில் இருங்கள். திங்கட்கிழமை பாலிசிப் புத்தகம், மறுப்புக் கடிதம், இரண்டு போலீஸ் புகார் நகல், பூட்டு ரசீது, பாதுகாவல் நிறுவனத்தின் தாள் இவற்றோடு அலுவலகத்துக்கு வாருங்கள். மாமியையும் அழைத்து வாருங்கள், பூட்டைக் கூட்டி எடுத்தவர் அவர்தான், அவருடைய வாக்குமூலம் வேண்டும்.