டெக்ஸ்-மெக்ஸ் ஓட்டலில் சைவம்: புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, டாலஸ் வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, நடந்து போகும் தூரத்தில் இருப்பது ஒரு டெக்ஸ்-மெக்ஸ் (டெக்சஸ் பாணி மெக்சிகன் சாப்பாடு) ஓட்டல் மட்டும், மனைவி சுத்த சைவம், நீங்கள் கோழி சாப்பிடுவீர்கள், மாடு தொடமாட்டீர்கள், அங்கே நம்பிப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். கிரெடிட் கார்டு, கார் இன்ஷூரன்ஸ் பற்றியெல்லாம் ஆபீஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாப்பாட்டு விஷயத்தில்தான் நம் ஆட்கள் தப்புத் தப்பாகச் சொல்லி அனுப்புகிறார்கள்.

"பீன்ஸ், சாதம், சீஸ் வாங்கிக்கோ, எல்லாம் சைவம்" என்பார்கள். நம்பாதீர்கள். மசித்து வரும் ரீஃப்ரைடு பீன்ஸைப் பல கடைகளில் பன்றிக்கொழுப்பில்தான் வதக்குகிறார்கள். குழம்பாக வரும் சாரோ பீன்ஸில் பேக்கன் கிடக்கும். சிவப்புச் சாதம் அசல் தக்காளி சாதம் போலவே இருக்கும். ஆனால் அரிசியை எண்ணெயில் வறுத்து, தக்காளி, பூண்டு, சீரகம் போட்டபின் ஊற்றுவது பெரும்பாலும் கோழிச்சாறு, இல்லையென்றால் கோழிப்பொடி கரைத்த தண்ணீர். துண்டு எதுவும் கண்ணில் படாததால் சர்வரும் நல்லெண்ணத்தோடு "இறைச்சி இல்லை" என்றே சொல்லிவிடுவார்.

இதைவிட மோசம் சீஸ் என்சிலாடா. டோர்ட்டியா என்னும் மெல்லிய சோள ரொட்டியைச் சூடான எண்ணெயில் ஒரு முக்கு முக்கி, மஞ்சள் சீஸும் வெங்காயமும் வைத்துச் சுருட்டி, மேலே பழுப்பு நிற சில்லி கிரேவியை ஊற்றிச் சுட வைப்பார்கள். ஓரமெல்லாம் கொதித்துக்கொண்டே தட்டு வரும், சீரக வாசனை நம் வீட்டு வாசனை மாதிரியே மூக்கில் ஏறும். அந்த கிரேவிக்கு அடிப்படை கொழுப்பில் வறுத்த மாவு, மிளகாய்த்தூள், பல கடைகளில் மாட்டுச்சாறு. கொத்திய மாட்டிறைச்சியையே சேர்ப்பவர்களும் உண்டு. மெனுவில் 'சீஸ்' என்று மட்டும்தான் போட்டிருக்கும். அதற்குப் பதில் பச்சை டொமட்டியோ (தக்காளி போன்ற ஒரு புளிப்புக் காய்) சாஸ் கேளுங்கள், அதிலும் கோழிச்சாறு உண்டா என்று விசாரித்துவிட்டு.

"இது வெஜிடேரியனா?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. பீன்ஸில் மான்டேகா (பன்றிக்கொழுப்பு) உண்டா, சாதத்தில் கோழிச்சாறு உண்டா, கிரேவியில் மாடு உண்டா என்று பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணிக்குக் கேட்டால் யாருக்கும் சமையலறைக்குப் போய் விசாரித்து வர நேரமிருக்காது. வார நாளில் மதியம் இரண்டரைக்குப் போங்கள். நாங்கள் வந்த காலத்தில் போனில் மெனு பார்க்கும் வசதி ஏது? சர்வர் வாயால் சொல்வதுதான் வேதம். ஒருவரையே பழக்கம் பிடித்துக்கொண்டு, அவர் பிரிவு மேஜைக்காகக் காத்திருந்து உட்காருவோம். இன்றைக்கும் அதுதான் நல்ல வழி.

உங்கள் மனைவிக்கு குவாக்கமோலி (அவகாடோ மசியல்), கொழுப்பில்லாத கறுப்பு பீன்ஸ், சோள டோர்ட்டியா. மைதா டோர்ட்டியாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். காய்கறி ஃபஹீட்டா (டோர்ட்டியாவில் வைத்துச் சாப்பிடும் வதக்கல்) இறைச்சி வாட்டும் அதே கல்லில்தான் வதங்கும், தனி வாணலியில் செய்யச் சொன்னால் நல்ல கடையில் செய்து தருவார்கள். சிப்ஸ் பொரிக்கும் எண்ணெயிலேயே கோழி ஃபிளௌட்டாவும் (கோழி வைத்துச் சுருட்டிய டோர்ட்டியா) பொரியலாம். உங்களுக்கு ஒன்றே ஒன்று: வெறுமனே ஃபஹீட்டா என்றால் மாடுதான் வரும், 'சிக்கன்' என்று அழுத்திச் சொல்லுங்கள்.

டிப்ஸ் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். நம் ஆட்கள் பத்துப் பேராகப் போய், இலவச சிப்ஸும் சால்சாவும் நாலு தடவை நிரப்பச் சொல்லி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மூன்று டாலர் வைத்துவிட்டு வருகிறார்கள். டெக்சஸில் சர்வருக்கு முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991இலிருந்து அதே தொகை. வரிக்கு முந்தைய தொகையில் 18 முதல் 20 சதவீதம் வையுங்கள்.

கடைசியாக ஃப்ரோசன் மார்கரிட்டா, அதாவது டெக்கீலா மது கலந்த பனிக்கூழ் பானம். 1971இல் மரியானோ மார்டினெஸ் ஐஸ்கிரீம் இயந்திரத்தை மாற்றியமைத்து முதலில் ஊற்றியது இதே டாலஸில்தான். இனிப்பிலும் குளிரிலும் டெக்கீலா தெரியவே தெரியாது, இரண்டு குடித்துவிட்டு நிதானமாக இருப்பதாகவே நினைப்பீர்கள். குடித்துவிட்டு ஓட்டிக் கைதானால், வழக்கு முடியும் முன்பே விசா ஸ்டாம்பை ரத்து செய்ய முடியும். வேலை பார்க்கும் அனுமதி அதனால் உடனே போகாது, ஆனால் ஊருக்குப் போனால் புது ஸ்டாம்ப் வாங்காமல் திரும்ப முடியாது. பக்கத்து ஓட்டல்தானே, காரை எடுக்காமல் நடந்தே போங்கள்.