காசைத் துலக்கும் முன்: வெள்ளி ரூபாய் பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன: பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய் மேல் காலப்போக்கில் படியும் நிறம். சேகரிப்பவர்கள் இதை டோனிங் என்போம். சிலருக்கு அது அழுக்கு, சிலருக்கு வானவில். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாட்டியின் டிரங்குப் பெட்டியில், பழுப்புக் காகிதத்தில் மடித்த 1916ஆம் வருட ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் கிடைத்தது. விளிம்பில் நீலம், அடுத்து ஊதா கலந்த ரோஜா நிறம், அப்புறம் பொன்நிறம், நடுவில் வெள்ளை. இதை எந்தத் தரத்தில் சேர்க்கலாம்? (காரைக்குடி வாசகி)

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வேண்டுகோள்: யாரும் இதைத் தேய்க்க விடாதீர்கள், துணியால்கூட.

தரம் பார்க்கும்போது நிறத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்க்க வேண்டியது நிறத்துக்கு அடியில் இருக்கும் பளபளப்பு. அச்சு அழுத்தும்போது உலோகம் விளிம்பை நோக்கி ஓடும். அந்த ஓட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகள் விழும். ஒளி அவற்றில் பட்டுத் திரும்புவதைத்தான் லஸ்டர் என்கிறோம். காசை விளிம்பில் மட்டும் பிடித்து, டியூப் லைட்டுக்குப் பதிலாக ஒரு மஞ்சள் குண்டு பல்புக்குக் கீழே மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள். வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் போல ஒளிக்கீற்று மன்னர் தலையைச் சுற்றி ஓடவேண்டும். நிறம் உள்ள இடத்திலும் அந்தக் கீற்று அறுபடாமல் போனால் காசு கைபடாதது. உங்கள் இரண்டாவது படத்தில் அது விளிம்பின் நீலத்துக்குள்ளேயே ஓடுகிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

அடுத்து மேடான இடங்கள். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் கிரீடத்தின் நடுப்பகுதி, காதுக்கு மேலுள்ள முடி, மார்பு அங்கியில் தொங்கும் சிறிய யானை. தேய்மானம் இங்கேதான் தொடங்கும். தேய்ந்த இடத்தில் ஒளிக்கீற்று வந்து அணைந்துவிடும், மங்கிய சாம்பல் திட்டாகத் தெரியும். அச்சு சரியாக விழாமல் மொட்டையாக இருக்கும் இடம் வேறு. அங்கே விவரம் இருக்காது, ஆனால் ஒளி இருக்கும். புதிதாகத் தரம் பார்ப்பவர்கள் அதிகம் குழம்புவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

மூன்றாவது கீறல்களும் தட்டுக்களும். ஆயிரக்கணக்கில் பைகளில் கொட்டிக் குலுக்கப்பட்ட காசுகள் என்பதால் மன்னர் கன்னத்திலும் அவர் முகத்துக்கு முன்னால் உள்ள வெற்றிடத்திலும் சின்னச் சின்னத் தட்டுக்கள் இருக்கும். உங்கள் காசில் கன்னத்தில் இரண்டு தெரிகின்றன, முகத்துக்கு முன்னால் மெல்லிய கீறல் ஒன்று.

நாணயத் தரத்துக்கு உலகம் முழுக்கப் புழங்கும் அளவுகோல் 1 முதல் 70 வரை. அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் அந்நாட்டுப் பழைய செம்புக் காசுகளுக்காக 1949இல் கொண்டுவந்தது. 60ம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு, எம்.எஸ். என்பார்கள். 50 முதல் 58 வரை ஏ.யு., அதாவது லேசாகத்தான் கைமாறியது. என் கணிப்பில் உங்களுடையது எம்.எஸ். 62 அல்லது 63. யானையின் முதுகில் ஒளி அணைகிறதா என்று ஒருமுறை ஐந்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். அணைந்தால் ஏ.யு. 58. அப்படியே ஆனாலும் வருத்தப்பட வேண்டாம். அழகான 58, தட்டு வாங்கிய 61ஐவிட மேல் என்பது என் உறுதியான கருத்து, விலையிலும் பல நேரம் அப்படித்தான்.

நிறம் எண்ணைக் கூட்டுமா என்றால், கொஞ்சம். பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதும் தர நிர்ணயத்தில் ஒரு பங்கு. ஆனால் கன்னத்துத் தட்டை நிறம் அழித்துவிடாது. காசுகளுக்குத் தரம் நிர்ணயிக்கும் அமெரிக்க நிறுவனமான என்.ஜி.சி., விதிவிலக்கான அழகுள்ள காசுக்கு எண்ணோடு ஒரு நட்சத்திரமும் தருகிறது. எனக்கு அந்த முறை பிடிக்கும், எண்ணும் அழகும் தனித்தனியாக நிற்கின்றன.

ஒரு சிறு குறிப்பு: காசின் பின்புறம், அடியில் உள்ள தாமரைக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தால் பம்பாய் நாணயச்சாலையில் அடித்தது, இல்லாவிட்டால் கல்கத்தாவில்.

இந்த நிறங்கள் எப்படி வருகின்றன? சாயம் போல ஏதாவது ஒட்டுகிறதா?

சாயமே இல்லை. காற்றில், காகிதத்தில், அட்டையில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற மெல்லிய படலமாகிறது. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அதைக் கடந்து வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதுவதால் சில நிறங்கள் அடங்கி, சில எழும்பும். மழை நாளில் பெட்ரோல் பங்க் வாசலில் தேங்கிய நீரில் பார்க்கிறோமே, அதே சங்கதி.

படலம் தடிக்கத் தடிக்க நிறம் ஒரு வரிசையில் மாறும். முதலில் வெளிர் பொன், பிறகு செம்பொன், சிவப்பு கலந்த ஊதா, நீலம், வெளிர் நீலம். அதன்பின் மறுபடி மஞ்சள், ரோஜா, பச்சை. எல்லாம் முடிந்தால் சாம்பலும் கறுப்பும். காகிதப் பொட்டலத்தில் கந்தகம் விளிம்பு வழியாக உள்ளே வருவதால் விளிம்பில் படலம் தடிப்பு, நடுவில் மெலிவு. காரைக்குடிக் காசின் வளையங்களை விளிம்பிலிருந்து உள்ளே படித்துப் பாருங்கள்: நீலம், ஊதா, பொன், வெள்ளை. இந்த வரிசை அப்படியே பின்னோக்கி இருக்கும்.

இணையத்தில் ஒரு விக்டோரியா ரூபாய் வாங்கினேன். முழுக்க மயில் நீலமும் பச்சையும். உண்மையான டோனிங்தானா? (திருப்பூர் வாசகர்)

என் சந்தேகம் பலமாக இருக்கிறது. ஒரு காரணம், மேலே சொன்ன வரிசை. பச்சை இரண்டாவது சுற்றில்தான் வரும். உங்கள் படத்தில் பச்சைக்குப் பக்கத்திலேயே, நடுவில் மஞ்சளோ ஊதாவோ இல்லாமல், பளிச்சென்று வெள்ளை. இயற்கையில் அந்தத் தாவல் அரிது.

இன்னொரு காரணம் எழுத்துக்கள். இயற்கையான டோனிங்கில் எழுத்தை ஒட்டிய பள்ளங்களில் நிறம் சற்றே விலகி நிற்கும், அல்லது அடுத்த நிறத்துக்கு மாறும். பெயின்ட் அடித்தாற்போல எழுத்து, முகம், வெற்றிடம் என்று வேறுபாடில்லாமல் ஒரே சீராக ஓடாது. கந்தகக் கரைசலில் முக்கியோ சூடாக்கியோ நிறமேற்றிய காசில் அப்படித்தான் ஓடும். பழைய கீறலின் பள்ளத்துக்குள் நிறம் குளமாகத் தேங்கியிருந்தாலும் எச்சரிக்கை. பெரும்பாலும் இத்தகைய காசுகள் முதலில் தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டு, அந்தக் கோடுகளை மறைக்க நிறமேற்றப்பட்டவை. அதனால் சாய்த்தால் சக்கர ஒளி சுற்றாது.

பல வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில் ஊதா நிறத்தில் ஜொலித்த எட்வர்டு ரூபாயை நானும் ஆசைப்பட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து விளக்கின் கீழ் சாய்த்தபோது, நிறத்துக்கு அடியில் நூற்றுக்கணக்கான மெல்லிய இணைகோடுகள், துணியால் தேய்த்த தடம். அன்றிலிருந்து சாய்த்துப் பார்க்காமல் நிறமுள்ள காசை வாங்குவதில்லை. திருப்பித் தரும் வசதி இருந்தால் இன்றே திருப்பி அனுப்புங்கள்.

அம்மா என் வெள்ளி ரூபாய்களைக் குத்துவிளக்கோடு சேர்த்து விபூதி போட்டுத் துலக்கிவிட்டார். பழைய நிறம் திரும்புமா?

திரும்பாது. போன படலம் போனதுதான். விபூதித் தூள் வெள்ளியை அரைத்து மயிரிழைக் கோடுகளைப் போட்டிருக்கும், அவற்றை எதுவும் அழிக்காது. காலப்போக்கில் புதுநிறம் படியும், ஆனால் அடியில் லஸ்டர் இல்லாததால் பழைய ஜொலிப்பு வராது. அம்மாவைக் கோபிக்க வேண்டாம். நம் வீடுகளில் வெள்ளி என்றாலே துலக்க வேண்டிய பொருள். பூஜைக்கு வேண்டிய காசுகளைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள், சந்தனமும் குங்குமமும் அவற்றின் மேல் இருக்கட்டும்.

பேக்கிங் சோடாவும் அலுமினிய ஃபாயிலும் போட்டுக் கழுவும் வீடியோக்களைப் பார்த்து எழுதியவர்களுக்கும் இதே பதில். கறுப்பு போகும், கூடவே காசின் முகமும் போகும். பச்சையாகப் பிசுபிசுவென்று ஏதாவது ஒட்டியிருந்தால் அது டோனிங் அல்ல, பி.வி.சி. உறையிலிருந்து இறங்கிய பசை. அதற்கு மட்டும் சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்துத் தேய்க்காமல் எடுக்கலாம். அசிட்டோன் பசையைக் கரைக்கும், டோனிங்கைத் தொடாது. நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதில் வேறு சரக்குகளும் சேர்ந்திருக்கும். நெருப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

காசுமாலையிலிருந்து பிரித்த 1840 விக்டோரியா ரூபாய், மேலே கொக்கி வைத்துப் பற்றவைத்த தடம் இருக்கிறது. நிறம் மட்டும் அருமை. தரம் கிடைக்குமா?

எண் கிடைக்காது. பற்றவைத்தது, துளையிட்டது, தேய்த்தது எல்லாம் தர நிறுவனங்களின் கணக்கில் சேதம். விவரம் இந்த அளவு தெளிவு, ஆனால் சேதமுண்டு என்று எழுதித் தருவார்கள். ஒரு பெண்ணின் கழுத்தில் கிடந்த காசு அது. விற்க நினைக்காவிட்டால் அந்தத் தடத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல காசுகளை வெளிநாட்டுத் தர நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்பலாமா?

வருடத்தைப் பாருங்கள். 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த காசும் தொல்பொருள்தான். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக்கூடாது. விக்டோரியா, எட்வர்டு ரூபாய்கள் எல்லாமே இதில் அடங்கும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயும் 1922 வரை அச்சானதுதான், ஆக அதுவும்.

பழைய வீட்டுச் சுவரை இடிக்கையில் குடத்தோடு கிடைத்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு 1878ஆம் வருடப் புதையல் சட்டம் இருக்கிறது. முதலில் கலெக்டர் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள், தரம் அப்புறம் பார்க்கலாம்.

எதில் வைப்பது?

காசு அளவுக்குப் பொருந்தும் அக்ரிலிக் கேப்ஸூல், அல்லது மைலார் உறை. பீரோவுக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். ரப்பர் பேண்ட், கம்பளித் துணி, செய்தித்தாள் மூன்றையும் விலக்குங்கள், மூன்றிலும் கந்தகம் உண்டு. கடலோர ஊர்க்காரர்கள் ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். கிடைத்த பழைய காகிதப் பொட்டலத்தைத் தூக்கிப்போடாமல் தனியாக வையுங்கள், நிறம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

என்னிடம் இருப்பது 1919ஆம் வருட ரூபாய். வானவில் எதுவும் இல்லை, ஒரே சாம்பல். இதைப் போய் யார் ரசிப்பார்கள்? (மதுரை வாசகர்)

நான் ரசிப்பேன். அந்த வருடங்களின் கதை தெரிந்தால் நீங்களும் ரசிப்பீர்கள். முதல் உலகப்போர் காலத்தில் இந்தியாவில் வெள்ளிக்குப் பெரும் தட்டுப்பாடு. 1917 நவம்பரில் ஒரு ரூபாய்க்கே காகித நோட்டு அடித்தார்கள், அதன் மேல் வெள்ளி ரூபாயின் படத்தைப் போட்டு. மறு வருடம் அமெரிக்கா பிட்மன் சட்டம் கொண்டுவந்து, தன் கஜானாவில் இருந்த 25 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கி பிரிட்டனுக்கு விற்றது. அந்த வெள்ளி இங்கே வந்து ரூபாயானது. உங்கள் காசிலும் அது கலந்திருக்கக்கூடும்.

தராசில் போட்டுப் பாருங்கள், 11.66 கிராம். பழைய நாட்டு மருந்துக் குறிப்புகளில் ஒரு ரூபாய் எடை சுக்கு என்று வருமே, அந்த எடை. உங்கள் படத்தில் மன்னரின் அங்கி மடிப்புக்குள் சாம்பல் அடர்ந்தும், மடிப்பின் முகட்டில் வெளுத்தும் இருக்கிறது. பல வருடம் கைமாறிய காசில் மட்டும் வரும் சீரான சாம்பல் இது. எழுத்துக்கள் எல்லாம் கூர்மை, கிரீடத்தின் மணிகள் பாதிக்கு மேல் எண்ண வருகின்றன, யானையின் உடல் தட்டையாகிவிட்டது, தும்பிக்கை தெரிகிறது. வி.எஃப். 30 தரலாம், அதாவது புழங்கித் தேய்ந்தும் விவரம் நன்றாகத் தெரியும் காசு. லென்ஸில் மணிகள் முக்கால்வாசிக்கு மேல் தெரிந்தால் 35.