உலராத அடிமுடி: வாசகர் கேள்வி, கால்நடை மருத்துவர் பதில்

கேள்வி: எங்கள் வீட்டு கோல்டன் ரெட்ரீவருக்கு 4 வயதாகிறது. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து ஓயாமல் சொறிந்துகொள்கிறது. காதுக்குக் கீழே ஒரு ரூபாய் நாணய அளவில் முடி உதிர்ந்து நீர் கசிகிறது. நாங்கள் போடும் சோப்பையே போட்டு நாள்தோறும் குளிப்பாட்டியும் மறுநாளே புளித்த நாற்றம் வீசுகிறது. சென்னை வெக்கைக்கு இத்தனை முடி ஆகாது, மொட்டையடித்துவிடுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். அடிக்கலாமா?
— வாசகி, வேளச்சேரி

பதில்: மொட்டையடிக்க வேண்டாம். அதைவிட முக்கியமாக, நாள்தோறும் குளிப்பாட்டுவதை இன்றே நிறுத்துங்கள். குளிப்பாட்டுவதைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கும் நீங்கள் துவட்டுவதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. தொல்லை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கியிருக்கும்.

இந்த இன நாய்க்கு நீண்ட மேல்முடிக்கு அடியில் பஞ்சு போன்ற அடிமுடி ஒன்று உண்டு. குளித்த சற்று நேரத்தில் மேல்முடி உலர்ந்து பளபளக்கும். ஆனால், காதின் பின்புறத்திலோ கழுத்துப்பட்டைக்கு அடியிலோ விரலை விட்டுத் தோல் தெரியும் வரை விலக்கிப் பார்த்தீர்களானால், வேர்ப்பகுதி நனைந்தே இருக்கும். காற்றே ஈரமாக இருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அது எளிதில் உலராது; அதற்குள் மறுநாள் குளியல் வந்துவிடுகிறது. நாயின் தோலில் இயல்பாகவே சிறிதளவு வாழும் மலசீசியா என்னும் ஈஸ்ட் பூஞ்சை, இத்தகைய கதகதப்பான ஈரத்தில்தான் பெருகும். நீங்கள் சொல்லும் நாற்றம் அதனுடையதாக இருக்கக்கூடும். கால்நடை மருத்துவர் செலோ டேப் துண்டு ஒன்றைத் தோலில் ஒட்டி எடுத்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமலேயே மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவுவது வீண்செலவு.

நீர் கசியும் புண் ஒரே இரவில் பெரிதாகக்கூடியது. அதைச் சுற்றியுள்ள முடியை மட்டும் கத்தரித்துக் காற்றுப்பட விட்டு, ஓரிரு நாளில் மருத்துவரிடம் காட்டுங்கள். மஞ்சளை எண்ணெயில் குழைத்து அப்பினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் புண் முற்றிவிடும். பாட்டி வைத்தியத்தின் மீது எனக்குப் பகை இல்லை. இந்த இடத்தில் மட்டும் அது உதவாது.

நம் தோல் சற்று அமிலத்தன்மை உடையது. நாயின் தோலோ நடுநிலையை ஒட்டியது, மேலடுக்கும் மெல்லியது. எனவே நம் சோப்பு அதற்கு ஒத்துவராது. புண் ஆறிய பிறகு, நாய்களுக்கான ஷாம்பூவால் 2 அல்லது 3 வாரங்களுக்கு ஒருமுறை குளிப்பாட்டினால் போதும். மருத்துவர் குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி கலந்த ஷாம்பூவை எழுதிக்கொடுத்தால், நுரை 10 நிமிடம் தோலில் ஊறிய பிறகே அலச வேண்டும். ஒருவர் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தால்தான் நாய் அதுவரை நிற்கும். அலசியபின் துண்டால் ஒற்றி, மின்விசிறிக்கு அடியில் நிறுத்தி, வேர் உலரும்வரை சீப்பால் வாருங்கள்.

மொட்டை ஏன் கூடாது என்றால், நாய் தன் உடற்சூட்டை முக்கியமாக மூச்சிரைத்தே தணித்துக்கொள்கிறது. வியர்ப்பது பெரும்பாலும் உள்ளங்கால் மெத்தைகளில்தான். முடியை மழித்தால் வெயில் நேரே தோலில் விழும். அடிமுடி கொண்ட நாய்களுக்கு முடி பழையபடி சீராக வளராமலும் போகலாம். உதிர்ந்த அடிமுடியை வாரி எடுத்தாலே காற்று உள்ளே போகும்.

வாரும்போது விரலிடுக்கிலும் காது மடலுக்குள்ளும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று கண்ணில் பட்டாலும் வீட்டையும் சோதிக்க வேண்டும். இரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுச் சுவரை மறந்தவர்கள்தான் மாதந்தோறும் என்னிடம் திரும்பி வருகிறார்கள்.

கேள்வி: நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து மீதம் இருக்கிறது. அதைப் பெர்சியப் பூனையின் பிடரியில் விடலாமா? அதன் முதுகில் வட்ட வட்டமாக முடி கொட்டுகிறது.
— வாசகர், கோவை

பதில்: கூடவே கூடாது. நாய்க்கான சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லியைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குப் போதிய அளவில் இல்லை. உடல் நடுங்கி, வலிப்பு கண்டு இறந்துவிடக்கூடும். நீங்கள் சொல்லும் வட்டங்கள் உண்ணியால் வந்தவை என்றும் தோன்றவில்லை, படர்தாமரையாக இருக்கலாம். பெர்சியப் பூனைகளுக்கு அது அடிக்கடி வரும், மனிதருக்கும் தொற்றும். மருத்துவர் பார்க்கும்வரை பூனையைக் குழந்தைகளின் படுக்கையில் ஏறவிடாதீர்கள்.