வேலூரில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் சேரலாமா என்பதை அதன் மேற்கோள் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யலாமா?

தங்கைக்கு முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் தேடுவதாகவும், ஒவ்வொரு நிறுவனமும் இணையத்தில் போட்டிருக்கும் மேற்கோள் தொகையை, அதாவது அதன் கட்டுரைகளைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டின என்ற எண்ணிக்கையை, நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் இந்தப் பகுதியில் ஒரு கல்லூரி நூலகத்தில் பதினாறு ஆண்டுகள் இருந்தவன். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணிக் கொடுப்பது என் வேலை. எண்ணியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மொத்தத் தொகையை ஓரமாக வையுங்கள், கட்டுரைகளைத் திறந்து பாருங்கள்.

முதலில் பெயர்க் குழப்பம். 'கிறிஸ்டியன் மெடிக்கல் காலேஜ்' என்று மட்டும் தேடினால் வேலூரில் உள்ள நம் சி.எம்.சி.யோடு லூதியானாவில் இருக்கும் அதே பெயர்க் கல்லூரியின் கட்டுரைகளும் கலந்து வரும். ஊர்ப் பெயரைச் சேர்த்துத் தேடினால், முகவரியை வேறு மாதிரி எழுதியவர்களின் கட்டுரைகள் விடுபடும். ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்காத தொகை எதற்கும் உதவாது.

அடுத்தது, கூட்டுக் கட்டுரைகள். ஓர் ஆண்டு ஒரு நிறுவனத்தின் மேற்கோள்கள் திடீரென்று எகிறின. எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான் பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். பல நாடுகளின் நோய்ச் சுமையைக் கணக்கிட்ட ஒரே கட்டுரை, நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள், நடுவில் எங்கோ அந்த நிறுவனத்தின் ஒருவர் பெயர். இதைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன், ஏற்கவில்லை. இன்றும் அது எனக்கு மனக்குறைதான்.

தாக்கக் காரணி என்பது இதழுக்கு உரியது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழ் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்ற கணக்கு அது. எந்த இதழுக்குச் சந்தா கட்டுவது என்று பார்க்க எங்களுக்குப் பயன்பட்டது. அதை வைத்து ஓர் ஆய்வாளரை எடைபோடுவது தவறு.

உண்மையான தாக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு வேலூரிலேயே சான்று இருக்கிறது. சின்னல்லாபுரம் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் அதிகம். அங்கும் அருகிலுள்ள பகுதிகளிலும் பிறந்த குழந்தைகளை சி.எம்.சி. ஆய்வுக் குழு மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தது. களப்பணியாளர்கள் வாரம் இரண்டு முறை வீட்டுக்கே போய், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு உண்டா, எத்தனை முறை என்று கேட்டுக் குறித்தார்கள். நோய் இல்லாத நாளிலும் மல மாதிரி வாங்கினார்கள். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் மூன்று முறை தொற்றிய பிறகும், மிதமான அல்லது கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு சுமார் 79 விழுக்காடுதான் என்று 2011இல் அந்தக் குழுவின் கட்டுரை சொன்னது. மெக்சிகோவில் முன்பு நடந்த ஆய்வில் இரண்டு தொற்றுக்கே அத்தகைய நோயிலிருந்து முழுப் பாதுகாப்பு தெரிந்திருந்தது. வெளிநாட்டுக் கணக்கை இங்கே அப்படியே பொருத்த முடியாது என்பது அதனால் தெளிவானது. பிறகு அந்த வைரஸுக்கு எதிரான ரோட்டாவேக் தடுப்பு மருந்தின் பெரிய பரிசோதனை நடந்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. அந்த மருந்து 2016இல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. அத்தனை வாசல்களிலும் ஏறி இறங்கியவர்களின் உழைப்பை எந்த மேற்கோள் பட்டியலும் காட்டாது.

வேலூருக்கு அருகில் இருக்கும் கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையத்தையும் மறந்துவிடாதீர்கள். உலகில் தொழுநோயை ஆராய்பவர்களே குறைவு. அதனால் மேற்கோளும் குறைவாகத்தான் வரும். புற்றுநோய்க் கட்டுரையோடு அதை ஒப்பிடுவது அநியாயம். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை மருத்துவர் பால் பிராண்டு 1940களின் இறுதியில் வேலூரில்தான் தொடங்கினார். அதன் பயனை மீண்டும் சோற்றைப் பிசைந்து சாப்பிட்ட கைகளில்தான் பார்க்க வேண்டும்.

தங்கையிடம் ஒன்று சொல்லுங்கள். வழிகாட்டியாக வரப்போகிறவரின் கடந்த ஐந்து ஆண்டுக் கட்டுரைகளை எடுத்து, முதல் ஆசிரியராக மாணவர் பெயர் எத்தனை கட்டுரையில் இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அந்த மாணவர்களில் இரண்டு பேரிடம் நேரில் பேசிவிட்டு விண்ணப்பிக்கட்டும்.